ப்ரோம், பெட் எதிர் ஆஷ்லி (1781): ஒரு சமத்துவ வரி நீதிமன்றப் படி ஏறிய கதை

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில், தென்மேற்கு மூலையில் ஷெஃபீல்டு என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 1735இல் கட்டிய மரவீடு ஒன்று இன்றும் நிற்கிறது. கர்னல் ஜான் ஆஷ்லியின் வீடு அது. 1773 ஜனவரியில் அந்த வீட்டில் ஊர்ப் பெரியவர்கள் 11 பேர் கூடிப் பேசி, பிரிட்டிஷ் ஆட்சியின் அத்துமீறல்களைக் கண்டிக்கும் தீர்மானம் ஒன்றைத் தயாரித்தார்கள். இயற்கை நிலையில் மனிதர் யாவரும் சமமானவர்கள், சுதந்திரமானவர்கள், ஒருவரை ஒருவர் சாராதவர்கள். உயிரையும் சுதந்திரத்தையும் உடைமையையும் இடையூறின்றி அனுபவிக்கும் உரிமை உடையவர்கள் என்று அதில் எழுதினார்கள். கூட்டத்தின் எழுத்தர் தியோடர் செட்ஜ்விக் என்ற 26 வயது வழக்கறிஞர்.

அதே வீட்டில் பெட் என்ற பெண் வேலை செய்துகொண்டிருந்தார். ஆஷ்லியின் சொத்துப் பட்டியலில் நிலமும் மாடும் எப்படியோ அப்படித்தான் பெட்டும்.

எட்டு ஆண்டுகள் கழித்து, நான் அடிமை இல்லை என்று ஆஷ்லியின் மீது பெட் வழக்குத் தொடுத்தார். வழக்கை நடத்திக் கொடுத்தவர் அந்தக் கூட்டத்தின் எழுத்தரான செட்ஜ்விக்தான். வழக்கில் பெட் வென்றார்.

அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம், எல்லா மனிதரும் சமமாகவே படைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று எழுதியவர்கள் யாரையெல்லாம் நினைத்து எழுதினார்கள் என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இறந்துபோனவர்களின் மனத்துக்குள் புகுந்து பார்ப்பதைவிட, கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றைத் தேடுவது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் எந்தக் கதவைத் தட்ட முடிந்தது? கதவு எங்கே திறந்தது, எங்கே அடைபட்டது? பெட்டின் வழக்கை அந்தக் கண்ணோட்டத்தில்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு கருத்து, மூன்று ஆவணங்கள்

1776 ஜூன் 12 அன்று வர்ஜீனியா தன் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. முதல் வரைவை எழுதியவர் ஜார்ஜ் மேசன். எல்லா மனிதரும் இயற்கையில் சம சுதந்திரம் உடையவர்கள் என்ற வரியைப் படித்ததுமே அவையில் சலசலப்பு எழுந்தது. அடிமைகள் இதைச் சுட்டிக்காட்டி விடுதலை கேட்டால் என்ன செய்வது என்று பண்ணையார்களுக்கு அச்சம். அந்த அச்சத்தைத் தீர்க்க ஒரு சிறு தொடரைச் செருகினார்கள்: "அவர்கள் ஒரு சமுதாய நிலைக்குள் நுழையும்போது". அடிமைகள் சமுதாயத்துக்குள் நுழைந்தவர்கள் அல்லர், ஆகவே இந்த வரி அவர்களைத் தொடாது என்பதே அந்தச் செருகலின் பொருள். இந்தத் தொடரை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு உடல் கூசியது. அவர்களின் வயலில் உழுது, அவர்களின் பிள்ளைகளுக்குப் பாலூட்டி, அவர்களின் சோற்றைச் சமைத்துக்கொண்டிருந்த மனிதர்களைச் சமுதாயத்துக்கு வெளியே வைக்க ஒரே ஒரு துணைவாக்கியம் போதுமானதாக இருந்திருக்கிறது.

மேசனின் வரைவு அதே மாதம் ஃபிலடெல்ஃபியா செய்தித்தாளில் வெளிவந்தது. அப்போது அந்நகரில், ஒரு கொத்தனாரின் செங்கல் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தார் 33 வயது தாமஸ் ஜெஃபர்சன். சுதந்திரப் பிரகடனத்தைத் தயாரிக்க, குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய அவையான காங்கிரஸ் அமைத்த ஐவர் குழுவில் அவரும் ஜான் ஆடம்ஸும் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் இருந்தார்கள். மடியில் வைத்து எழுதும் சிறு மரப்பெட்டி மேசையில் ஜெஃபர்சன் வரைவை எழுதினார். அவருக்குப் பணிவிடை செய்ய உடன் வந்திருந்தவன் ராபர்ட் ஹெமிங்ஸ், 14 வயது அடிமைச் சிறுவன். ஜெஃபர்சனின் மனைவிக்கும் அவனுக்கும் தந்தை ஒருவரே.

ஜெஃபர்சனின் வரியில் வர்ஜீனியாவின் செருகல் இல்லை. நிபந்தனை ஏதுமின்றி, "எல்லா மனிதரும் சமமாகவே படைக்கப்பட்டிருக்கிறார்கள்" என்று அது நிற்கிறது. இன்னொன்றும் அந்த வரைவில் இருந்தது. அடிமை வணிகத்தை மனித இயற்கைக்கு எதிரான கொடும் போர் என்று சாடி, அந்தப் பழி முழுவதையும் பிரிட்டிஷ் மன்னரின் தலையில் கட்டும் நீண்ட பத்தி. மனிதர்களை வாங்கி விற்கும் சந்தை என்று வரும் இடத்தில், மனிதர்கள் என்ற சொல்லை ஜெஃபர்சன் பெரிய எழுத்துகளில் எழுதியிருந்தார். காங்கிரஸ் அந்தப் பத்தியை அப்படியே நீக்கிவிட்டது. தென் கரோலினாவும் ஜார்ஜியாவும் எதிர்த்தன என்றும், அடிமைகளைக் கப்பலேற்றி வந்த வடக்கத்தியவர்களுக்கும் அந்தப் பத்தி உறுத்தியது என்றும் ஜெஃபர்சன் பின்னாளில் எழுதினார். பூர்வகுடிகளை இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் என்று சொல்லும் வரியை மட்டும் யாரும் நீக்கவில்லை. அது இன்றும் பிரகடனத்தில் இருக்கிறது.

1776 ஜூலை 4 அன்று ஏற்கப்பட்ட அந்த ஆவணம் அன்றிரவே அச்சேறியது. அப்போது 13 குடியேற்றங்களில் வாழ்ந்த ஏறத்தாழ 25 லட்சம் பேரில் 5 லட்சம் பேர் அடிமைகள். ஆறே மாதத்தில், 1777 ஜனவரியில், பாஸ்டனில் பிரின்ஸ் ஹாலும் வேறு சில கறுப்பினத்தவரும் மசாசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு ஒரு மனுக் கொடுத்தார்கள். பிரகடனத்தின் சொற்களையே கையாண்டு, பறிக்க முடியாத இயற்கை உரிமை எங்களுக்கும் உண்டு என்று அதில் எழுதினார்கள். எனக்கு இது முக்கியமான சான்று. எழுதியவர்கள் யாரை நினைத்தார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும், வெளியே தள்ளப்பட்டவர்கள் அந்த வரியைக் கேட்ட உடனே அதில் தங்கள் பெயரையும் வாசித்துவிட்டார்கள்.

மனுவுக்குப் பலன் இல்லை. ஏனென்றால் பிரகடனம் சட்டம் அல்ல. ஏன் பிரிகிறோம் என்று உலகத்துக்குச் சொன்ன அறிக்கை அது. அதைக் காட்டி நீதிமன்றத்தில் ஒரு பைசா கடனைக்கூட வசூலிக்க முடியாது.

மூன்றாவது ஆவணம் அந்தக் குறையைத் தீர்த்தது. மசாசூசெட்ஸ் 1778இல் ஓர் அரசியலமைப்பை முன்வைத்தது. அதில் உரிமைப் பட்டியல் இல்லை. கறுப்பினத்தவருக்கும் பூர்வகுடிகளுக்கும் கலப்பினத்தவருக்கும் வாக்குரிமையும் இல்லை. ஊர்கள் கூடி அதை நிராகரித்துவிட்டன. பிறகு ஜான் ஆடம்ஸ் புதிய வரைவை எழுதினார். இதே ஆடம்ஸ் 1766இல், ஜென்னி ஸ்லூ என்ற பெண் தன் விடுதலைக்காகத் தொடுத்த வழக்கை நீதிமன்றத்தில் உட்கார்ந்து கேட்டு நாட்குறிப்பில் பதிந்துவைத்தவர். அடிமைகள் வழக்குத் தொடுக்க மசாசூசெட்ஸ் சட்டத்தில் இடம் இருந்தது என்பது அவருக்குத் தெரியும்.

மனிதர் யாவரும் சம அளவில் சுதந்திரமாகவும் யாரையும் சாராதவர்களாகவும் பிறக்கிறார்கள் என்பது ஆடம்ஸின் வரைவு. அரசியலமைப்பை வகுக்கக் கூடிய மாநாடு அதைத் திருத்தி, "எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறக்கிறார்கள்" என்று சுருக்கியது. 1780 அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. முதல் பிரிவே அதுதான். படைக்கப்படுகிறார்கள் என்ற சொல்லுக்குக் கடவுள் சாட்சி. பிறக்கிறார்கள் என்ற சொல்லுக்கு ஊரே சாட்சி. பெட்டும் ஒருநாள் பிறந்தவர்தானே?

பெட்

பெட் 1744 வாக்கில் நியூயார்க்கின் கிளாவெராக்கில், ஹோகெபூம் என்ற டச்சுக் குடும்பத்தின் பண்ணையில் பிறந்தார். அந்த வீட்டுப் பெண் ஹன்னா ஜான் ஆஷ்லியை மணந்துகொண்டதன் வழியாகத்தான் பெட் ஷெஃபீல்டு வந்து சேர்ந்தார். அவருக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. அவரைப் பற்றிய செய்திகளில் பெரும்பகுதி செட்ஜ்விக்கின் மகள் கேத்தரின் எழுதி வைத்ததிலிருந்து கிடைக்கிறது. கேத்தரினை வளர்த்தவர் பெட். பெட்டின் வாயால் கேட்டதைத்தான் அவர் எழுதினார்.

அதில் ஒரு நிகழ்ச்சி. ஆஷ்லி வீட்டில் லிஸ்ஸி என்ற இன்னொரு அடிமைப் பெண் இருந்தாள். நோஞ்சான், பயந்த சுபாவம். வீட்டுக்கு ரொட்டி மாவு பிசைந்த பெரிய மரத்தொட்டியில் ஒட்டியிருந்த மிச்சத்தை வழித்து, தனக்கென்று ஒரு சின்ன அப்பம் சுட்டுக்கொண்டாள். ஹன்னா அதைப் பார்த்துவிட்டார். திருடி என்று கத்தியபடி, அடுப்புத் தணலை வாரிக்கொண்டிருந்த பழுக்கக் காய்ந்த இரும்புக் கரண்டியை ஓங்கினார். பெட் குறுக்கே பாய்ந்து கையை நீட்டினார். அடி கையில் விழுந்து எலும்பு தெரியக் கிழித்தது. அந்தக் குளிர்காலம் முழுவதும் கை சரியாகவில்லை. தழும்பு சாகும்வரை போகவில்லை.

பெட் அந்தக் காயத்தை மூடி மறைக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள், எஜமானி பக்கத்தில் இருக்கும்போதே, கையில் என்ன ஆயிற்று பெட் என்று கேட்டால், "எஜமானியம்மாவையே கேளுங்கள்" என்பார். வேறு ஒரு சொல் கிடையாது. அதன் பிறகு ஹன்னா லிஸ்ஸியின் மேல் கை வைக்கவே இல்லை.

வழக்கின் பின்னணியாக இந்த நிகழ்ச்சியைச் சொல்லிவிட்டுக் கடந்துபோவது வழக்கம். எனக்கு இதுவே வழக்கின் முதல் விசாரணையாகத் தெரிகிறது. சான்றைத் திறந்து வைத்து, குற்றவாளியையே பதில் சொல்ல வைத்திருக்கிறார் பெட்.

சமத்துவம் பற்றி அவருக்கு எங்கிருந்து தெரிந்தது? ஆஷ்லி வீட்டில் உணவு பரிமாறிக்கொண்டே பெரியவர்கள் பேசியதைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தவர் அவர். சும்மா இருந்து கவனித்ததில் தெரிந்துகொண்டேன் என்று அவரே பின்னாளில் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. ஊரில் சுதந்திரப் பிரகடனத்தை வாசிக்கக் கேட்டு, மறுநாளே செட்ஜ்விக்கிடம் போனார் என்பது கேத்தரின் எழுதியது. எல்லாரும் சமமாகப் பிறந்தவர்கள் என்று நேற்று வாசித்தார்களே, நான் வாயில்லா ஜீவன் அல்லவே, சட்டம் எனக்கு விடுதலை தராதா என்று கேட்டாராம். கேத்தரின் பிறந்ததே வழக்கு முடிந்து எட்டு ஆண்டுகள் கழித்து. பெட் நினைவுகூரும் சொல் "பிறந்தவர்கள்" என்றிருக்கிறது. அது பிரகடனத்தின் சொல் அன்று, மசாசூசெட்ஸ் அரசியலமைப்பின் சொல். வழக்குத் தொடுத்த காலமும் அதற்கே பொருந்துகிறது. இரண்டு ஆவணங்களும் கேட்டவர் மனத்தில் ஒன்றாகக் கலந்திருந்தன என்றே கொள்கிறேன். எதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியும் என்று பிரித்துக் காட்டியதுதான் வழக்கறிஞரின் வேலை.

வழக்கு

1781 வசந்தத்தில் செட்ஜ்விக் களத்தில் இறங்கினார். கனெக்டிகட்டின் லிட்ச்ஃபீல்டிலிருந்து டாப்பிங் ரீவ் என்ற திறமையான வழக்கறிஞர் துணைக்கு வந்தார். ஆஷ்லியின் இன்னொரு அடிமையான ப்ரோம் என்ற ஆணும் வாதியாகச் சேர்ந்தார். ஆவணங்களில் அவர் பெயர் முதலிலும் பெட்டின் பெயர் இரண்டாவதாகவும் இருக்கும்.

அவர்கள் தேர்ந்தெடுத்த சட்டக் கருவி, சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருக்கும் சொத்தை மீட்பதற்கான ரிட். ஒருவர் தன்னதல்லாத மாட்டையோ வண்டியையோ கட்டிவைத்திருந்தால் அதை விடுவிக்கப் பயன்படும் ஆணை அது. ப்ரோமையும் பெட்டையும் விடுவிக்கும்படி, நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றும் அதிகாரியான ஷெரிஃப் ஆணையோடு போனார். இவர்கள் ஆயுள் முழுவதற்கும் என் வேலைக்காரர்கள் என்று சொல்லி ஆஷ்லி மறுத்தார். மறுபடியும் ஆணை போனது. மறுபடியும் மறுத்தார். ஆகவே சொத்தா, ஆளா என்ற கேள்வியை நீதிமன்றம் தீர்க்க வேண்டியதாயிற்று. வழக்கறிஞர்கள் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

இதற்கு முன்பும் மசாசூசெட்ஸில் அடிமைகள் விடுதலை கேட்டு வழக்காடியிருக்கிறார்கள். ஆனால் அவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் காரணம் இருக்கும்: எஜமானர் விடுதலை தருவதாகச் சொல்லி ஏமாற்றினார், அல்லது தாய் சுதந்திரமானவர். ஜென்னி ஸ்லூவின் வழக்கும் தாயின் நிலையை வைத்துத்தான் வென்றது. பெட்டுக்கு அப்படி எந்தக் காரணமும் இல்லை. அவரை விற்றது, வாங்கியது, கொண்டுவந்தது எல்லாம் பழைய வழக்கப்படி சரியாகவே நடந்தவை. ஆகவே புதிய அரசியலமைப்பின் முதல் பிரிவு வந்த பிறகு அடிமைத்தனம் என்ற ஒன்றே இந்த மாநிலத்தில் இருக்க முடியாது என்ற வாதம் ஒன்றே மிச்சம். அது தோற்றால் பெட் அதே சமையலறைக்கு, அதே எஜமானியிடம் திரும்பிப் போக வேண்டும். அந்தத் துணிச்சலை எழுத்தில் அளந்து சொல்ல எனக்குத் தெரியவில்லை.

1781 ஆகஸ்ட் 21 அன்று கிரேட் பாரிங்டனில் விசாரணை தொடங்கியது. ஆஷ்லி அந்த நீதிமன்றத்திலேயே பல ஆண்டுகள் நீதிபதியாக இருந்தவர். சுற்றுவட்டாரத்தில் அவரைவிடப் பணக்காரர் அரிது. ஜூரியில் இருந்தவர்கள் எல்லாரும் வெள்ளையின ஆண்கள். மறுநாள் தீர்ப்பு வந்தது: ப்ரோமும் பெட்டும் ஜான் ஆஷ்லியின் சட்டப்படியான ஆயுட்கால நீக்ரோ வேலையாட்கள் அல்லர், வழக்குத் தொடுத்த நாளிலும் அப்படி இருந்ததில்லை. நஷ்டஈடு 30 ஷில்லிங். வழக்குச் செலவு 5 பவுண்டு 14 ஷில்லிங் 4 பென்ஸ்.

ஆஷ்லி மேல்முறையீடு செய்தார். அக்டோபரில் அதைத் தானே கைவிட்டார். இடையில் நடந்தது என்ன என்று பார்த்தால் காரணம் விளங்கும். வொர்செஸ்டர் மாவட்டத்தில் க்வாக் வாக்கர் என்ற இளைஞர், தன்னை அடித்துப் பிடித்து வைத்த நதானியல் ஜென்னிசனுக்கு எதிராகத் தொடுத்த வழக்கு செப்டம்பரில் உயர் நீதிமன்றத்தில் வாக்கருக்குச் சாதகமாக முடிந்திருந்தது. அதே ஜென்னிசன் மீதான குற்ற வழக்கில், 1783இல், தலைமை நீதிபதி வில்லியம் குஷிங் ஜூரியிடம் வெளிப்படையாகச் சொன்னார்: எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறக்கிறார்கள் என்று அறிவித்த அரசியலமைப்போடு அடிமைத்தனம் ஒத்துப்போகாது. ஜென்னிசனுக்கு 40 ஷில்லிங் அபராதம்.

அடிமைத்தனத்தை ஒழிக்கும் சட்டம் எதையும் மசாசூசெட்ஸ் சட்டமன்றம் இயற்றவில்லை. ஆனாலும் 1790இல் நடந்த முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த மாநிலத்தில் அடிமைகள் எண்ணிக்கை பூஜ்யம். இதைக் கொண்டாடும்போது மற்றதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தீர்ப்புகள் தங்களைத் தொடும் முன்பே தங்கள் அடிமைகளை வெளி மாநிலங்களுக்கு விற்றுவிட்டவர்களும் இருந்தார்கள். 1786இல் அதே மாநிலம் வெள்ளையினத்தவர் கறுப்பினத்தவரையோ பூர்வகுடியினரையோ மணப்பது செல்லாது என்று சட்டம் போட்டது.

அடைபட்ட கதவு

வர்ஜீனியாவின் செருகல் என்ன செய்தது என்பதைப் பார்க்காமல் பெட்டின் வெற்றியை எடைபோட முடியாது. 1806இல் ஜாக்கி ரைட் என்ற பெண்ணும் அவர் பிள்ளைகளும் விடுதலை கேட்டு அங்கே வழக்காடினார்கள். கீழ் நீதிமன்ற நீதிபதி ஜார்ஜ் வைத். ஜெஃபர்சனுக்குச் சட்டம் கற்பித்தவர், சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். ஒவ்வொரு மனிதருக்கும் சுதந்திரம் பிறப்புரிமை என்று வர்ஜீனியாவின் உரிமைப் பிரகடனமே சொல்கிறது, ஆகவே ஒருவரை அடிமை என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று அவர் தீர்ப்பளித்தார்.

மேல் நீதிமன்றம் அந்தக் குடும்பத்துக்கு விடுதலை கொடுத்தது. வைத் சொன்ன காரணத்தை மட்டும் தூக்கி எறிந்தது. அவர்கள் பூர்வகுடிப் பெண் ஒருவரின் வழிவந்தவர்கள், தோல் நிறமும் தலைமுடியும் அதைக் காட்டுகின்றன என்பதே அந்த நீதிமன்றம் ஏற்ற காரணம். ஆப்பிரிக்கத் தோற்றம் உடையவர் என்றால், தான் அடிமை இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். உரிமைப் பிரகடனத்தின் முதல் வரி சுதந்திரமானவர்களுக்கு மட்டுமே, சொத்துரிமையைப் பக்கவாட்டில் கவிழ்ப்பதற்கு அல்ல என்று நீதிபதி செயின்ட் ஜார்ஜ் டக்கர் எழுதினார். அவரே 10 ஆண்டுகளுக்கு முன்னால், அடிமைத்தனத்தைப் படிப்படியாக ஒழிக்கும் திட்டம் ஒன்றை முன்வைத்தவர். 1776இல் அவையில் செருகிய சில சொற்களின் நிழல் 30 ஆண்டுகள் கழித்தும் நீண்டு, ஒரு சிறுமியின் தலைமுடியை நீதிபதிகள் உற்றுப் பார்க்கும் நிலைக்குக் கொண்டுவந்து விட்டது.

1857இல், ட்ரெட் ஸ்காட் என்ற அடிமை விடுதலை கேட்டுத் தொடுத்த வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ராஜர் டானி சுதந்திரப் பிரகடனத்தையே கையில் எடுத்தார். அதன் சொற்கள் மனித குலம் முழுவதையும் தழுவுவதுபோல் தோன்றும் என்று அவரே ஒப்புக்கொண்டார். தோன்றினாலும், அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க இனத்தை அதில் சேர்க்கும் நோக்கம் எழுதியவர்களுக்கு இருந்ததில்லை என்பது விவாதத்துக்கே இடமில்லாத தெளிவு என்றார். எழுதியவர்கள் யாரை நினைத்தார்கள் என்ற கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று எனக்குத் தெரியாது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய பெஞ்சமின் கர்டிஸ், நாட்டின் அரசியலமைப்பு ஏற்கப்படும் முன்பே ஐந்து மாநிலங்களில் சுதந்திரக் கறுப்பினத்தவர் வாக்காளர்களாக இருந்தார்கள் என்று எடுத்துக்காட்டினார். அந்த ஐந்தில் மசாசூசெட்ஸும் ஒன்று. சட்டத்தின் சமப் பாதுகாப்பு என்ற சொற்கள் நாட்டின் அரசியலமைப்புக்குள் நுழைய 1868 வரை, ஓர் உள்நாட்டுப் போர் முடியும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

பெட்டுக்குப் பிறகான பெட்

கூலி தருகிறேன், திரும்பி வா என்று ஆஷ்லி அழைத்தார். பெட் போகவில்லை. எலிசபெத் ஃப்ரீமன் என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்டார். ஃப்ரீமன் என்றால் சுதந்திர மனிதர். செட்ஜ்விக் வீட்டில் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்; நோயாளிகளைக் கவனிப்பதிலும் பிரசவம் பார்ப்பதிலும் ஊரில் பெயர் பெற்றார்; சேர்த்த பணத்தில் சொந்த வீடு வாங்கினார். 1811இல் செட்ஜ்விக் குடும்பத்து மருமகள் ஒருவர் தந்தத் தகட்டில் அவரை வரைந்த சிறு ஓவியம் இப்போது பாஸ்டனில், மசாசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கிறது. நீல உடை, வெள்ளைத் தலைமூடி, கழுத்தில் தங்க மணிமாலை. பார்க்கிறவரை நேராகப் பார்க்கும் கண்கள்.

1829 டிசம்பர் 28 அன்று இறந்தார். ஸ்டாக்பிரிட்ஜில், செட்ஜ்விக் குடும்பக் கல்லறைகளுக்கு நடுவே அவரைப் புதைத்தார்கள். கல்லறைக் கல்லில் உள்ள வாசகம் அன்போடு எழுதப்பட்டது, அதில் ஐயமில்லை. அடிமையாகப் பிறந்தவர், ஏறத்தாழ 30 ஆண்டுகள் அடிமையாக இருந்தவர், எழுதவோ படிக்கவோ தெரியாதவர், நம்பிக்கையைக் கெடுத்ததில்லை, கடமையில் தவறியதில்லை, நல்ல தாயே விடைபெறுங்கள் என்று முடிகிறது. வழக்கைப் பற்றி அந்தக் கல்லில் ஒரு சொல் இல்லை. ஆனால் நடுவில் இப்படி ஒரு வரி இருக்கிறது: "தன் வட்டத்துக்குள் அவருக்கு மேலானவரோ சமமானவரோ எவரும் இல்லை." சமம் என்ற சொல்லைப் பொறித்த உளி, அதற்கு முன்னால் "தன் வட்டத்துக்குள்" என்றும் பொறித்திருக்கிறது.